பெரியாற்று ஏரியும் அதன் மீன்களும்

போடிநாயக்கனூரைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் ஏலக்காயின் மணத்தோடு தொடங்கி ஏலக்காயின் விலையோடு முடிப்பது வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், கொட்டகுடி ஆறு மலையை விட்டிறங்கிச் சமவெளியைத் தொடும் வாயிலில் அமைந்து, மலைக்கு மேலே தேவிகுளம், உடும்பன்சோலைப் பிரதேசங்களில் விளையும் காய் போடிமெட்டு வழியே இறங்கி வந்து தரம் பிரிக்கப்பட்டு ஏலம் போகும் ஊராகையால், அவ்வாறு எழுதுவதில் பிழையும் இல்லை. ஆயினும் அதே ஊரில், விடியற்காலையில் மீன் கடைகளின் முன்னே சற்று நேரம் நின்று பார்க்கிறவனுக்கு, ஏலக்காயைக் காட்டிலும் நெடிய யாத்திரை செய்து வந்த ஒரு ஜீவன் அங்கே அலுமினியத் தட்டுகளில் கிடப்பது தெரியவரும். ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பனிக்கட்டிப் பெட்டிகளில் வந்து சேரும் கடல் மீனை நான் குறிப்பிடவில்லை. கருஞ்சாம்பல் நிறமும், முட்கள் உயர்ந்து நிற்கும் முதுகுத் துடுப்பும், உள்ளங்கையகலமும் உடைய ஜிலேபி மீனையே சொல்லுகிறேன்.

“எந்தத் தண்ணி மீனும்மா இது?” என்று தட்டின் முன்னே அமர்ந்திருந்த அம்மாளைக் கேட்டேன்.

“அணை மீனுண்ணே, வைகை அணை. செவுளத் தூக்கிப் பாருங்க, எப்படிச் செவசெவன்னு இருக்குன்னு. ஐஸு படாத மீனு” என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் செவுளை விரித்துக் காட்டி, அந்தக் கையாலேயே மீனைப் புரட்டி, அரிவாள்மனையில் செதிலைச் சீவத் தொடங்கிவிட்டாள். சீவிய செதில்கள் அவள் முழங்கை வரை ஒட்டிக்கொண்டிருந்தன.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், ஜம்பேசி ஆற்றின் கீழ்ப்பகுதியையும் அதனைச் சூழ்ந்த நதிகளையும் பூர்வீகமாகக் கொண்ட இந்த மீன், 1952-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, ஏழை மக்களின் உணவுக்கு உதவும் என்னும் நல்ல எண்ணத்தோடு நம் குளங்களில் விடப்பட்டது. தாய் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காத்துக் குஞ்சு பொரிக்கும் இயல்புடையதாகையால், அதன் வம்சம் அழிவது அரிது; சில தலைமுறைகளுக்குள் தென்னாட்டின் கண்மாய்களிலும் அணைகளிலும் அது இல்லாத இடம் இல்லை என்றாயிற்று. வைகை அணையில் மட்டுமன்று, அவ்வணைக்கு நீர் தரும் பெரியாற்று ஏரியிலும் அதுவே வலைகளை நிரப்புகிறது என்று கேள்வியுற்றபோதுதான், போடியிலிருந்து புறப்பட்டு, ஒரே நீரின் வழியே மேலே ஏறியும் கீழே இறங்கியும், அந்நீரில் மீன் பிடிப்போர் யார், அவர்களுக்கு என்ன வசதிகள் உண்டு, எவை இல்லை என்று நேரில் கண்டு குறித்துவர வேண்டும் என்ற ஆவல் எனக்கு எழுந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நாங்கள் பெரியாற்று நீரை அடிக்கணக்கில் அறிவோம். 136 என்றும் 142 என்றும் 152 என்றும் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லுவார்கள். அந்நீரில் வாழ்வனவற்றையும், அவற்றால் வாழ்கிறவர்களையும் பற்றி எங்களுக்குள்ள அறிவு மிகவும் சொற்பம்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் மீனாட்சிபுரத்துக் கண்மாயைப் பார்த்தேன். கொட்டகுடி ஆற்று நீரால் பெருகும் இந்தக் கண்மாயில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து இறங்கும். கரையோரம் ஓலைக் கொட்டகை ஒன்று. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்களின் காவல் அங்கே. லாரி டியூபை ஊதி அதன்மேல் பலகையைக் கட்டி, அதில் குந்தியபடியே கைகளால் துழாவிக்கொண்டு ஓர் இளைஞர் தங்கூசி வலையை நீரில் இறக்கிக்கொண்டிருந்தார். கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கங்கைச் சமவெளிக் கெண்டைகளின் குஞ்சுகளை வாங்கிவிட்டு வளர்ப்பதும், நீர் வற்றும்போது பிடித்து விற்பதும் இங்கே தொழில். கண்மாய் ஒன்று, குத்தகைதாரர் ஒருவர், கணக்கும் ஒன்று. மடையைத் திறக்கும் நாளில் ஆயக்கட்டுதாரருக்கும் குத்தகைதாரருக்கும் சிறு வாக்குவாதம் எழுவதுண்டு என்றாலும், இருவரும் ஒரே கரையில் நின்று பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய விவகாரமே அது.

சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், கோம்பை, உத்தமபாளையம் என்று மலையடிவாரத்தை ஒட்டியே செல்லும் பாதையில் பிரயாணம் செய்கிறவருக்கு, வலப்புறம் மலையும் இடப்புறம் பசுமையுமாக நெடுந்தூரம் வரை காட்சி மாறுவதில்லை. லோயர்கேம்ப்பின் பக்கத்திலிருந்து புறப்பட்டு இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்கு நீர் கொணரும் பதினெட்டாம் கால்வாய் இப்பாதையின் அருகே வருவதும் விலகுவதுமாக இருக்கிறது. அதில் நீர் ஓடும் நாட்களில், பெரியாற்று நீர் போடித் தாலுகாவின் கண்மாய்களையும் வந்து தொடுகிறது. கம்பத்தைத் தாண்டினால் திராட்சைப் பந்தல்கள், கூடலூரைத் தாண்டினால் நெல் வயல்கள், பிறகு லோயர்கேம்ப். மலையின் நெற்றியிலிருந்து இறங்கும் பிரம்மாண்டமான இரும்புக் குழாய்களையும், அவற்றின் காலடியில் நிற்கும் மின் நிலையத்தையும், பெரியாற்று அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்கு 2013-இல் எழுப்பப்பட்ட மணிமண்டபத்தையும் கண்டு வணங்கிவிட்டு, கொண்டையூசி வளைவுகளில் ஏறிக் குமுளியை அடைந்தேன்.

மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் வீழ்ந்துகொண்டிருந்த ஒரு நதியைத் தடுத்து, மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிய அந்த மகா காரியத்தைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் 1887-இல் தொடங்கி, வெள்ளத்தில் அடித்துப்போனவற்றை மீண்டும் மீண்டும் கட்டி முடித்த அணையை 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார் என்பதை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இலர். ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1886 அக்டோபர் 29-இல், திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண சர்க்காருக்கும் இடையே கையெழுத்தான குத்தகைப் பத்திரத்தில் ஒரு விஷயம் உண்டு. அதை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. 999 ஆண்டுகளுக்கு, 8,000 ஏக்கர் நிலத்தை, ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் குத்தகைக்கு விட்டுக்கொடுத்த அப்பத்திரம், நீரோடு நிற்காமல், அந்நீரில் மீன் பிடிக்கும் தனியுரிமையையும் சென்னை சர்க்காருக்கே அளித்திருந்தது. அணையும் இல்லை, ஏரியும் இல்லை, மீன் என்ன விளையும் என்று எவருக்கும் தெரியாது. எனினும் பத்திரம் எழுதியவர்கள் மீனை மறக்கவில்லை. எதிர்காலத்தில் உண்டாகப் போகும் ஒரு நீர்நிலையில் எவையெல்லாம் பயனாகக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்த அந்த முன்யோசனையை நான் மதிக்கிறேன்.

84 ஆண்டுகள் சென்றபின், 1970 மே 29-இல், கேரளமும் தமிழ்நாடும் செய்துகொண்ட துணை ஒப்பந்தத்தில் குத்தகைப் பணம் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. கீழே மின்சாரம் எடுத்துக்கொள்ளத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்துக்கே விட்டுக்கொடுத்தது. அந்த நாள்முதல் நீர் ஒரு கைக்கும் மீன் ஒரு கைக்குமாகப் பிரிந்தது. கூட்டுக் குடும்பத்தில் பத்தாயத்துச் சாவி மூத்தவரிடமும் அடுப்படி இளையவரிடமும் இருக்கும் வீட்டைப் போல, ஏரியின் மட்டத்தை ஏற்றவும் இறக்கவும் வல்ல மதகு தமிழ்நாட்டுப் பொறியாளர்களின் பொறுப்பிலும், அந்த மட்டத்தை நம்பி வாழும் மீனும் காடும் கேரள வனத்துறையின் பொறுப்பிலும் அமைந்துவிட்டன. விட்டுக்கொடுத்தது நியாயமே என்பது என் எண்ணம். ஏரியின் கரையில் வாழாத ஒருவருக்கு அதன் மீனில் என்ன பாத்தியதை? ஆனால் உரிமையை விட்டபோது கவலையையும் சேர்த்து விட்டுவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

கரையில் வாழ்கிறவர்கள் மன்னான்களும் பளியர்களும். காட்டின் உட்பகுதியில் சிதறி வாழ்ந்த இவ்விரு ஆதிவாசி மக்களும் பிற்காலத்தில் குமுளிக்கு அருகே மன்னாக்குடி, பளியக்குடி என்னும் குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள். பாண்டியர் காலத்தில் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது மன்னான்களின் மரபு. கோவில்மலையில் இன்றும் அவர்களுக்கு ஓர் அரசர் உண்டு. மன்னான் கூத்தில் அவர்கள் ஆடுவது கோவலன் கண்ணகி சரித்திரம். பேசும் மொழியிலும் எங்கள் பள்ளத்தாக்கின் தமிழ் கலந்து ஒலிக்கிறது. வனத்துறையின் அனுமதி பெற்ற இவர்களே ஏரியில் வலையிடலாம், வெளியாருக்கு இடமில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டுவாசிகளுக்குரியவை என்று எண்ணிச் சொல்லும் பாத்தியதைகளில் நீர்நிலைகளின் மீனையும் சேர்த்திருக்கிறது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

மன்னாக்குடியில், வீட்டுத் திண்ணையில் வலையை மடியில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மூங்கில் சிம்பால் செதுக்கிய ஊசியில் நூலைச் சுற்றி, அறுந்த கண்ணியின் நான்கு முனைகளையும் தேடிப் பிடித்து, இடது கையின் இரு விரல்களையே அளவுகோலாக வைத்து முடிச்சிட்டு முடிச்சிட்டு அவர் முன்னேறிய விதத்தில், பார்வை வலையில் இருந்ததே தவிர அவசரம் எங்கும் இல்லை. வலையில் இருந்த கிழிசல்களைக் கண்டு, நீர்நாய்கள் செய்த வேலையா என்று கேட்டேன். பெரியாற்று ஏரியில் நீர்நாய்கள் கூட்டமாக வாழ்வதும், வலையில் சிக்கிய மீனைப் பறித்துத் தின்பதும் கேள்விப்பட்டதுண்டு.

“நீர்நாய் கிழிச்சா ரெண்டு கண்ணி, மூணு கண்ணி போகும் சாரே. அதுக்கும் வயிறு இருக்கில்ல? இது மரம். அடியில இருக்கிற கட்டையில மாட்டினா, இழுத்தா வலை போச்சு, இழுக்கலேன்னா மீனும் போச்சு, வலையும் போச்சு.”

தேக்கடியில் படகேறிச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் கருமையான பட்டமரங்களைத்தான் அவர் சொன்னார். 1895-இல் நீர் ஏறியபோது வெட்டப்படாமல் நின்று மூழ்கிய காடு, நூற்று முப்பது ஆண்டுகளாகியும் அடிமரங்கள் உளுத்துப்போகாமல் நீருக்குள் நிற்கிறது. மேலே தலைநீட்டுபவை சில. தலை முறிந்து நீர்மட்டத்துக்குக் கீழே மறைந்தவை எத்தனையோ. கண்ணுக்குத் தெரிவதில் பறவைகள் அமர்கின்றன. தெரியாததில் வலைகள் மாட்டுகின்றன.

ஆப்பிரிக்காவில் ஜம்பேசி ஆற்றின் குறுக்கே, இன்று ஜாம்பியா என்றும் ஜிம்பாப்வே என்றும் வழங்கும் இரு நாடுகளின் எல்லையில், 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட கரிபா அணையின் வரலாறு இவ்விடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ 5,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் செயற்கை ஏரியில் நீர் ஏறுவதற்கு முன்னரே, வருங்காலத்தில் வலையிடுகிறவர்களுக்குத் தடையாகும் என்று எண்ணி, கரையோரத்துக் காட்டைப் பெரும்பரப்பில் இயந்திரங்களால் வெட்டிச் சாய்த்து எரித்தார்கள். அந்த ஏரிக்காக ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட டோங்கா மக்கள் தங்கள் ஆற்றங்கரை வயல்களை விட்டு அகற்றப்பட்டார்கள் என்பது மறக்கக்கூடாத துயரம். உழவராயிருந்த அவர்களில் பலர் பின்னர் மீனவரானார்கள். டாங்கனிக்கா ஏரியிலிருந்து 1967, 1968-ஆம் ஆண்டுகளில் கொண்டுவந்து விட்ட கபெண்டா என்னும் சிறு மீன் இரு கரைக்கும் பெரிய தொழிலாயிற்று. ஏரியின் நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது. கோட்டை மீன் அறியாது. ஆகவே இரு நாட்டு மீன்துறையினரும் 1990-களில் ஒன்றாகக் கூடி ஆராய்ந்து, எத்தனை மீனவக் குடியிருப்பு, எத்தனை படகு, எத்தனை வலை, கண்ணி எத்தனை அங்குலம் என்று இரு கரையிலும் எண்ணத் தலைப்பட்டார்கள்.

பெரியாற்று ஏரியின் பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். கரிபாவோடு வைத்துப் பார்த்தால் ஒரு குளம். அதிலே நடக்கும் மீன்பிடியும் கைத்தொழில் அளவில்தான். மூங்கில்களைப் பிணைத்த தெப்பம், ஒரு துடுப்பு, தக்கையும் ஈயக்குண்டும் கோத்த செவுள் வலை, மீனைச் சுமக்க ஒரு பை: இவ்வளவே உபகரணம். மாலையில் வலை கட்டிவிட்டு, விடியலில் எடுக்கிறார்கள். யானையும் புலியும் நடமாடும் கரையாதலால், துறை என்று சொல்லத்தக்க கட்டடமோ, மீனை நிறுத்து வைக்கும் மேடையோ, பனிக்கட்டி அறையோ நான் கண்ட இடங்களில் இல்லை. புலிகள் காப்பகத்தின் நடுவே அவை எழவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. ஆனால் குமுளி வரை சுமந்துவரும் மீனை அன்றைக்கே, கேட்ட விலைக்கே தள்ளிவிட நேராமல், குடியிருப்பிலேயே பனிக்கட்டிப் பெட்டியும் சரியான தராசும் இருந்தால், காட்டுக்கு யாதொரு தீங்கும் நேராது.

மறுநாள் அதிகாலையில் ஏரிக்கரையில், இரண்டு தெப்பங்கள் பனிமூட்டத்திலிருந்து விலகி வந்து ஒதுங்குவதைக் கண்டேன். பையைக் கவிழ்த்தபோது விழுந்தவற்றில் முக்கால் பங்கும் ஜிலேபி. நான்கைந்து கண்ணாடிக் கெண்டை. குயில் என்று அவர்கள் சொல்லும், பொன்னிறச் செதில்களையுடைய மலை மீன் ஒன்றே ஒன்று. அதைத் தனியே எடுத்து ஈரத் துணியில் சுற்றி வைத்தார்கள். கண்ணாடிக் கெண்டையும் அயல்நாட்டு மீன்தான். இவற்றோடு, வளர்க்கக் கூடாதென்று நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இந்த ஏரியில் புகுந்துவிட்டது. அகப்பட்டதைத் தின்னும் அந்த மீனைப் பற்றிக் கேட்டபோது இளைய மீனவர் ஒருவர், “அது வந்த பெறகு சின்ன மீனே கண்ணுல படமாட்டேங்குது” என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொண்டார்.

சின்ன மீன் என்று அவர் சொன்னவற்றுள் உலகில் வேறெங்கும் இல்லாதவை உண்டு என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவார்கள்? அவற்றை உலகறியச் செய்ததில் பங்குள்ள சென்னை மாகாண மீன்துறை 1907-இல் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் தோன்றியது. பரிசல்களைப் பற்றி ஆராய்ந்தெழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் அதன் தலைமையை வகித்தார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த பி. சுந்தரராஜ், 1941-இல், இந்தியன் மியூசியத்தின் ஆராய்ச்சி ஏட்டில், திருவிதாங்கூர்ப் பெரியாற்று மீன்கள் இரண்டினை உலகுக்கு முதன்முதலாக அறிவித்தார். அவற்றுள் ஒன்றாகிய லெப்பிடோபைகாப்சிஸ் டைபஸ், உடலின் பெரும்பகுதி செதிலின்றி வழவழப்பாகவும், பின்புறத்துத் துடுப்பின் அடியில் மட்டும் ஓடு வேய்ந்தாற்போன்ற செதில் வரிசை உடையதாகவும் இருக்கிறது. இத்தகைய அமைப்பு ஹிமாலயத்துக் குளிர்நதிகளில் வாழும் மீன்களுக்கே உரியது என்று கொண்டு, தென்கோடியில் இவ்வுறவு எப்படி வந்தது என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் வியந்து விவாதித்தார்கள். ஏரிக்குள் வந்து விழும் மலையோடைகளின் பாறை இடுக்குகளே இன்று அதன் புகலிடம்; அழியும் அபாயத்திலுள்ள ஜீவன்களின் வரிசையில் அதன் பெயரும் சேர்ந்திருக்கிறது. நம்முடைய மாகாணத்து உத்தியோகஸ்தர் ஒருவர், பிறர் நாட்டு மண்ணில், நம் குத்தகை நீரில் கண்டறிந்த செல்வம் அது. 142 அடியைப் பற்றி நாம் எழுப்பிய குரலில் நூறில் ஒரு பங்கு அதற்காக எழுந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அடிக்கணக்கு மீனுக்குத் தொடர்பில்லாததும் அன்று. அணை நிரம்பும் மட்டம் 152 அடி. 1979-இல் பாதுகாப்பைக் கருதி 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இவற்றையெல்லாம் மேல் எல்லை என்போம். கீழ் எல்லை ஒன்று உண்டு. அது 104 அடி. அதற்குக் கீழே உள்ள நீர் சுரங்கத்துக்கு எட்டாது. எந்தக் கோடையிலும் அது ஏரியிலேயே தங்கும். பொறியாளருக்கு அது உபயோகப்படாத நீர். மீனுக்கோ அதுவே கசம். வெயில் காலமெல்லாம் ஒடுங்கிக் கிடக்கும் வீடு. மட்டம் இறங்க இறங்க மீன் கசத்தை நோக்கி வரும், வலையும் அதைத் தொடர்ந்து வரும், மறைந்திருந்த கட்டைகளும் ஒவ்வொன்றாக எழும். ஜிலேபி ஆழமற்ற கரையோரச் சேற்றில் குழி பறித்துக் கூடு கட்டும் மீன். தண்ணீர் ஒரே வாரத்தில் சரசரவென்று வடிந்தால் அந்தக் குழிகள் காய்ந்து போகும். ஆனி, ஆடி மழையில் மலையோடைகள் பெருகும்போது நாட்டு மீன்கள் எதிரேறும்; அப்போது ஏரியின் மட்டம் ஓடைவாய்க்கு எட்டாமல் தாழ்ந்திருந்தால் அவற்றின் வழி தடைபடுகிறது. இவற்றையெல்லாம் புத்தகத்திலிருந்து அன்று, மன்னாக்குடிப் பெரியவரின் வாயிலாகக் கேட்டேன். சுரங்கத்தின் வாசலில் எத்தனை கனஅடி போகிறது என்பதை நாளிதழில் பார்க்காமலே, கட்டையில் படிந்த ஈரக் கோட்டைக் கொண்டு அவர் சொல்லிவிடுவார்.

“நாளைக்கு எவ்வளவு எறங்கும்னு ஒரு வார்த்தை மொதநாளே சொன்னாப் போதும் சாரே. வலைய எங்க கட்டணும்னு நாங்க பாத்துக்குவோம்” என்றார் அவர். ஒப்பந்தங்களும் தீர்ப்புகளும் நிறைந்த இந்த ஏரியில், இவ்வளவு சிறிய வேண்டுகோளை நான் வேறெவரிடமும் கேட்கவில்லை. மதகைக் கூட்டவும் குறைக்கவும் உத்தரவிடுகிற அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசிச் செய்தி குடியிருப்புக்குப் போவதற்கு, எந்த மாநிலத்தின் எந்த உரிமையும் குறுக்கே நிற்காது.

கரிபாவில் இரு கரையிலும் எண்ணியதைச் சொன்னேன்; மூன்று நாடுகள் சூழ்ந்த விக்டோரியா ஏரியில் அத்தகைய கணக்கெடுப்பு எப்படித் தொடங்கிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்நாளில் கென்யா, உகாண்டா, டாங்கனிக்கா மூன்றும் ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்தன. 1927, 1928-ஆம் ஆண்டுகளில் மைக்கேல் கிரகாம் என்னும் ஆங்கிலேயர் அந்த ஏரி முழுவதையும் சுற்றி ஆராய்ந்து, ஐந்து அங்குலத்துக்குக் குறைந்த கண்ணியுள்ள வலை கூடாதென்றும், ஏரி முழுவதற்கும் ஒரே அமைப்பு கணக்கு வைக்கவேண்டும் என்றும் எழுதினார். அவ்வமைப்பு 1947-இல்தான் பிறந்தது, பின்னர் மறைந்தது, சுதந்திர நாடுகளாகிய மூன்றும் 1994-இல் உடன்படிக்கை செய்து மீண்டும் அதனை உண்டாக்கின. இதற்கிடையே ஏரியில் விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெரு மீன், அங்கேயே தோன்றி அங்கேயே வாழ்ந்த நூற்றுக்கணக்கான சிறுமீன் வகைகளை விழுங்கிவிட்டது. எண்ணத் தாமதித்த காலத்தில் எவை போயின என்பது, போன பிறகுதான் தெரிந்தது. இப்பொழுது இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற திட்டத்தில் மூன்று நாட்டினரும் ஒரே படிவத்தில் துறைகளையும், படகுகளையும், வலைகளையும், துறையில் தராசு உண்டா, பனிக்கட்டி உண்டா, பாதை உண்டா என்பதையும் எண்ணி எழுதுகிறார்கள்.

குமுளியிலிருந்து இறங்கி, சுரங்கத்தின் நீர் வைரவனாறாகவும் சுருளியாறு சேர்ந்த முல்லையாறாகவும் ஓடித் தேனிக்கு அப்பால் வைகையோடு கலக்கும் பாதையிலேயே வந்து, வைகை அணையில் என் பிரயாணத்தை முடித்தேன். 1959 ஜனவரி 21-இல் திறக்கப்பட்ட, 71 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் இந்த அணையில் காட்சி முற்றும் வேறு. இங்கே தெப்பம் இல்லை, பரிசல். ஒருவர் துடுப்பு வலிக்க, மற்றவர் வலையை மடித்து மடித்துப் பரிசலின் விளிம்பில் எடுத்து வைக்கிறார். இருவர் எடையும் வலையின் எடையும் மீனின் எடையும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி உட்காருவதிலேயே பாதி வித்தை இருக்கிறது. கரையிலே தராசு உண்டு, கணக்கெழுதும் மேஜை உண்டு. அருகிலேயே அரசாங்க மீன்குஞ்சுப் பண்ணை. கட்லாவை ஒருபுறம், ரோகுவையும் மிருகாலையும் ஒருபுறம், ஜிலேபியை ஒருபுறம் என்று ஈரத் தரையில் பிரித்துப் போட்டு, வாங்க வந்தவர்கள் சூழ்ந்து நின்றார்கள். போடிச் சந்தையில் நான் கண்ட தட்டுகள் நிரம்புவது இங்கிருந்துதான்.

பரிசலைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் தோல் விரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த மீனவரிடம், மேலே ஏரியில் மன்னான்கள் கேட்பதைச் சொன்னேன். “நாங்களும் அதத்தாண்ணே கேக்குறோம்” என்றார். மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் திடீரென்று நீர் திறந்துவிடும் நாளில் அவர்களுடைய வலையும் நீரற்ற சேற்றில் தொங்கிப் போகிறதாம். மேலே இருக்கிறவரும் கீழே இருக்கிறவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவர் வலையும் ஒரே நீரின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது.

இப்பிரயாணத்தில் கண்ட துறைகள், தெப்பங்கள், பரிசல்கள், வலைகளின் கண்ணி அளவு, மீன் வகைகள், தராசும் பனிக்கட்டியும் உள்ள இடங்கள், இல்லாத இடங்கள் ஆகியவற்றைக் குறித்த என் குறிப்புகளை இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைத் தேக்கடியிலுள்ள வனத்துறையினருக்கும், மற்றொன்றை வைகை அணை மீன்துறையினருக்கும் அனுப்பியிருக்கிறேன். ஒரு தனிமனிதன் போகிற போக்கில் எழுதிய குறிப்பு கணக்கெடுப்பு ஆகிவிடாது. இரு மாநிலத்து மீனறிஞர்களும் ஏரிக்கரை மக்களும் ஒரே படிவத்தோடு உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை அது. அதற்குள்ளாக, சித்திரை முடிந்து வைகாசியில் நீர் மிகத் தாழ்ந்து நிற்கும்போது வெளிப்படும் அடிமரங்கள் வலை கட்டும் இடங்களில் எவ்வளவு, எந்தெந்த வளைவில், என்பதை ஒரு படமாக வரைந்துகொள்ள மன்னாக்குடிப் பெரியவர் இசைந்திருக்கிறார். வனத்துறையின் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, அவருக்குத் தேவையான நைலான் நூற்கண்டுகளைப் போடிக் கடைத்தெருவில் வாங்கி வைத்திருக்கிறேன்.